எறும்புக்கு வந்த உத்தரவு

போன மாதம் காட்டு இலாகாவில் புதிதாகச் சேர்ந்த கார்டுகள், அதாவது காவலர்கள், இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சவுக்குத் தோப்பைக் கம்பளிப்பூச்சி மொட்டையடிக்கிறதாம். பெட்டி பெட்டியாக மருந்துத் தூள் வந்து இறங்கியிருக்கிறதாம். "மருந்தே இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டேன் என்பது என் வீட்டுக்காரிக்குத் தெரியும். "எழுதிக் குடுத்துடுங்க, பாவம், அவங்க பஸ்ஸப் புடிக்க வாணாமா?" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டோல்கேட் பக்கத்தில் பிறந்தவன். என் நைனா ராயபுரத்தில் ஒரு விறகுத் தொட்டிக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மரம் நன்றாகத் தெரியும் என்று சொல்லித்தான் காட்டு இலாகாவில் வேலை வாங்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் செத்த மரம் என்பது முதல் வாரத்திலேயே வெளிச்சமாகிவிட்டது. விதை நேர்த்தி, நாற்றுப் பாத்தி, மணலில் பானையால் தண்ணீர் ஊற்றுவது என்று ஏச்சும் பேச்சும் வாங்கியபடி கற்றுக்கொண்டேன். பிறகு காத்திவாக்கத்துத் தோப்புக்குக் காவலனாகப் போட்டார்கள்.

கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் சவுக்கு. பட்டணத்து அடுப்புகள் எரிய வேண்டுமே! அங்கே முதல் விதி களையெடுப்பு. சவுக்கு அல்லாத எது தலை நீட்டினாலும் அது களை. வேம்பு களை, புங்கம் களை, நாவல் களை. கத்தியை எடு, வெட்டிப் போடு. மாமியார் வீட்டு முற்றம் போலத் தோப்பின் தரை துடைத்துக் கிடக்க வேண்டும்.

ஒரே ஓர் இடம் மட்டும் இதற்கு விலக்கு. கால்வாய் ஓரமாக ஒரு நீளத் துண்டு. கருவேல், பூவரசு, நாவல், புங்கம், ஒதியமரம் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பட்டைக்காடு என்று அதற்குப் பெயர். காத்திவாக்கத்து வலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் பட்டை எடுத்தார்கள். கருவேலம்பட்டையைக் கொதிக்க வைத்து, அந்தச் சிவப்புச் சாற்றில் வலையை முக்கிக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் நூல் சீக்கிரம் இற்றுப்போகும். தோப்பு போட வந்த பழைய அதிகாரி யாரோ மனசாட்சி உள்ளவர், அந்தத் துண்டைத் தொடாமல் விட்டிருந்தார்.

அந்தப் பட்டையை வைத்துப் பிழைத்தவள் அஞ்சலை. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவன் வைத்துவிட்டுப் போன பெரிய இரும்புக் கொப்பரைதான் அவளுக்குச் சொத்து. குப்பத்து வலைகள் எல்லாம் அவளிடம் வரும். பட்டை போட்டுக் கொடுப்பாள், மீனாகக் கூலி வாங்கிக்கொள்வாள். கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் செங்காவியாக இருக்கும். என்னை முதன்முதலில் பார்த்தபோது, "இன்னா, புது கார்டா? பாம்பு கடிச்சா எங்கிட்ட வா, சோறு வோணும்னாலும் எங்கிட்ட வா. எங்காட்டாண்ட வந்து அதிகாரம் மட்டும் பண்ணாத" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று மத்தியானமே அவள் வீட்டு நண்டுக் குழம்பைச் சாப்பிட்டேன்.

இனி என் ரேஞ்சர். பரமசிவம் என்று பெயர். சேலத்துப் பக்கத்துக்காரர், கல்லூரியில் படித்தவர். எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்துவிட்டேன், இவர் மாதிரி ஒருவரைப் பார்க்கவில்லை. தோப்புக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஒரு மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாரானால் பொடி டப்பியைத் திறப்பார், ஒரு சிட்டிகை எடுப்பார், போட மறந்துவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரையும் "டேய்" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். "பாத்துட்டுச் சொல்வோமே" என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அட, ஒரு முடிவைச் சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் திட்டுவேன்.

ஒரு வருஷம் மழை ஓய்ந்த கையோடு கம்பளிப்பூச்சி இறங்கியது. அப்பப்பா, அதைச் சொல்லி மாளாது. சவுக்குக்குள் நின்றால் தூறல் போடுவது போல ஓயாத சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் வெளிச்சமாக இருக்கும். விழுவது பூச்சிகளின் எச்சம்! தலையெல்லாம், சட்டையெல்லாம் கருங்குருணை. உடம்பெல்லாம் அரிப்பு. மரங்கள் பச்சை போய்ப் பழுப்பாகிக்கொண்டே வந்தன.

ஜில்லா அதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தோப்பு போனால் அவர் தலைதான் உருளும், அந்தக் கவலை அவருக்கு. வந்து பார்த்தார். கண்ட மரமும் முளைத்த அந்தப் புதரில் இருந்துதான் பூச்சி கிளம்புகிறது, பட்டைக்காட்டை அடியோடு வெட்டிக் கொளுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் குதிரை கால்வாயைத் தாண்டுவதற்குள் சேதி குப்பத்துக்குப் போய்விட்டது.

அஞ்சலை ஓடி வந்தாள். "எங்காட்ட கொளுத்தப் போறீங்களாமே? மொதல்ல என்ன உள்ள வச்சிக் கொளுத்துங்க. இந்தப் பட்டைய வுட்டா எனக்கு இன்னா பொயப்பு கீது?" என்று என் மேல் பாய்ந்தாள். நான் என்ன செய்வேன்? ரேஞ்சரைக் காட்டினேன். அவரைப் பார்த்ததும் சத்தம் போனது, அழுகை வந்தது.

ரேஞ்சர் அவளை உட்காரச் சொன்னார். "அம்மா, துரை சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியாது. சரின்னும் தெரியாது. மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள பாத்துட்டுச் சொல்வோம்" என்றார்.

எப்படிப் பார்த்தோம் என்பதைப் பையன்கள் கவனமாகப் படிக்க வேண்டும். காற்று எழும்பாத காலை வேளையில், நீலம் போடாமல் துவைத்த வெள்ளை வேட்டியை மரத்தடியில் விரித்தோம். நான்கு மூலைக்கும் ஈர மணலை உருட்டி வைத்தோம். மரத்தைத் தொடக்கூடாது, உலுக்கக்கூடாது, நம் நிழல்கூட வேட்டியில் விழக்கூடாது. வெயில் மர உச்சிக்கு வந்ததும் வேட்டியை மடித்து, விழுந்த எச்சத்தைக் காக்கை இறகால் பெருக்கிக் கொட்டாங்கச்சியில் சேர்க்க வேண்டும். எச்சம் எவ்வளவோ, மேலே பூச்சி அவ்வளவு. தனிச் சவுக்கின் நடுவில் விரித்த வேட்டிக்குக் கொட்டாங்கச்சி பாதிக்கு மேல் நிறைந்தது. பட்டைக்காட்டுக்கு அருகில் நின்ற சவுக்கில் அடி மறைகிற அளவுதான். பட்டைக்காட்டுக்குள் ஒரு சிட்டிகை.

நான் துள்ளிக் குதித்தேன். "எஜமான், ஜெயிச்சுட்டோம்!"

அவர் தலையை ஆட்டினார். "இல்லப்பா. துரை சொன்னதில பாதி சரி, அங்கேயும் பூச்சி இருக்கே. அங்கேருந்து கிளம்பி இங்கே வந்துடுச்சு, அதான் அங்கே குறைச்சல்னு சொல்வார். அங்கே யாரோ பூச்சியைப் பிடிச்சுத் தின்றாங்கன்னு நாம காட்டணும்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் விநோதம். உயிருள்ள கம்பளிப்பூச்சிகளை நூலால் கிளையில் கட்டிவிட வேண்டும். இங்கே சில, அங்கே சில. அந்தி சாய்ந்ததும் போய் எது மிச்சம் என்று பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பூச்சி செத்துவிடும், தளர்த்திக் கட்டினால் ஓடிவிடும். அந்த முடிச்சு என் கைக்கு வரவே இல்லை. அஞ்சலையும் குப்பத்துப் பெண்களும் வந்தார்கள். பனையோலைத் துண்டால் பூச்சியைப் பிடிப்பதும், இடுப்பில் ஒரு சுற்று சுற்றி முடிவதுமாக, ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டார்கள். "எம் மருமவளுக்குக்கூட நானு இம்மாம் பக்குவமா சடை பின்னுனதில்ல" என்றாள் ஒருத்தி.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், பட்டைக்காட்டில் பெரும்பாலும் காலி. சந்தோஷமாகச் சவுக்குக்குள் போனோம். அங்கேயும் காலி! கிளைகளில் நூலையே காணோம். மணலில் அங்கங்கே அறுந்த துண்டுகளும் காக்கைக் கால் தடமும்தான் கிடந்தன.

எனக்குப் பொறி தட்டியது. ஒரு துண்டை எடுத்து முகர்ந்தேன். நெத்திலி வாடை. பழைய வலையில் இருந்து பிரித்த நூல்! குப்பத்துக் காக்கைகளுக்கு அதுதானே வேலை, நாள் முழுக்கச் சிவப்பு வலையைக் கொத்தி ஒட்டியிருக்கும் மீனைத் தின்பது. கிளையில் வலை நூல் தொங்குவதைப் பார்த்தால் சும்மா விடுமா? கூட்டமாக வந்து பிடுங்கி எறிந்திருக்கின்றன.

"புது நூல் கிடைக்கலியா உங்களுக்கு?" என்று நான் கத்தினேன். பெண்கள் விழித்தார்கள். "புது நூல வலைக்குத்தான் அறுப்போம். வேற எதுக்குனா அறுத்தா வலை கோச்சிக்கும் நைனா. எங்க வூட்ல அதான் மொற" என்றாள் அஞ்சலை. சொல்லும்போதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "எங்கையாலயே எம் வாயில மண்ணப் போட்டுகினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவளைத் திட்டிய நாக்கை இழுத்துக் கடிக்கலாம் போல இருந்தது.

ரேஞ்சர் மட்டும் சிரித்தார். பரிகாசச் சிரிப்பு இல்லை. "காக்கா மேல தப்பில்ல, நாமதான் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கோம். வேற நூல்ல மறுபடி கட்டுவோம், அம்மா. அழாதீங்க" என்றார். ஆனால் துரை வரும் நாள் நெருங்கிவிட்டது. பூச்சிகளும் கொழுத்துப் போய்க் கூடு கட்ட இடம் தேட ஆரம்பித்திருந்தன. கூட்டுக்குள் போய்விட்டால் அப்புறம் எதைக் கட்டுவது?

தண்டையார்பேட்டைக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த தையல்காரர் காதர் பாய் கடையில் வெள்ளைத் தையல் நூல் கேட்டேன்.

"யாருக்கு நைனா சட்டை?"

"கம்பளிப்பூச்சிக்கு, பாய்."

"அளவு கொண்டாந்தியா?" என்றார் மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே.

மறுபடி கட்டினோம். அன்றைக்கே துரை வந்து இறங்கினார். கட்டி அரை நாள்கூட ஆகவில்லையே என்று ரேஞ்சருக்குக் கவலை. வெறும் வார்த்தையால் சொல்லாமல் அவரை நேரே பட்டைக்காட்டுக்குள் அழைத்துப் போனார். பூவரசு மரத்தில் முசுறு இருந்தது, அதுதான் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. கட்டிவைத்த பூச்சி ஒன்றைச் சுற்றி வளைத்துக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. துரை குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு "ஆ!" என்று துள்ளி எழுந்து காற்சட்டையைத் தட்ட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் நடுங்கிப் போனோம். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது பயத்தினால் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு செம்போத்து தத்தித் தத்தி வந்து, எங்களைச் சட்டை செய்யாமல் இன்னொரு பூச்சியைக் கொத்திக்கொண்டு போனது. துரை முழங்காலைச் சொறிந்துகொண்டே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் வரை இருந்தார். சவுக்கில் கட்டிய பூச்சிகளில் ஏறக்குறைய எல்லாமே கட்டிய இடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. பட்டைக்காட்டில் வெறும் வெள்ளை நூல்தான் தொங்கியது.

துரையிடம் இங்கிலீஷில் சொன்னதை ரேஞ்சர் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். "முசுறு வீடு கட்ட அகல இலை வேணும், சவுக்கில ஊசிதானே இருக்கு? நம்ம கண்ணுக்குச் சரியாத் தெரியாத குளவிகூட இந்தப் புழுவுக்குள்ள முட்டை வைக்கும். அதுக்குத் தேன் வேணும், சவுக்குப் பூவில ஏது தேன்? குயிலுக்குப் பழம் வேணும். கம்பளிப்பூச்சி வருஷத்தில கொஞ்ச நாள்தான் வரும். மிச்ச நாளெல்லாம் இவங்க எதைத் தின்னு எங்கே இருப்பாங்க? பல மரம் இருந்தாத்தான் இவங்க குடியிருப்பாங்க." இன்றைக்கு மருந்து தூவும் பையன்களுக்கு இதைத்தான் நானும் சொல்கிறேன். தூவ வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தத் தூளுக்குப் புழு எது, எறும்பு எது என்று தெரியாது. கூடவே நாலு பூவரசும் புங்கமும் நட்டு வையுங்கள், அப்பா.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. குப்பமே கூடிவிட்டது. ரேஞ்சர் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பட்டைக்காட்டை வெட்டக்கூடாது. சவுக்கு வரிசைகளுக்கு நடுவே வேறு மரங்களும் நட வேண்டும். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரேஞ்சரின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. முசுறும் குயிலும் செம்போத்தும் குளவியும் அங்கே கலையாமல் வாழ வேண்டியிருப்பதால், இனி எவரும் பட்டைக்காட்டுக்குள் நுழையவோ, பட்டையோ கிளையோ எடுக்கவோ கூடாது. அதுதான் கடைசி வரி.

அஞ்சலைதான் கேட்டாள். "எறும்புக்கு எடம் கீது. குயிலுக்கு எடம் கீது. எனக்கு?"

ரேஞ்சர், "நான் மறுபடி எழுதறேன், அம்மா" என்றார். வேறு என்ன சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டே போனார்.

குப்பத்து ஜனங்களை உள்ளே விடாமல் தடுத்து நிற்க வேண்டியவன் நான். அதைவிடக் கேவலமான நாட்களை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை. திருட்டுத்தனமாகப் போய் எடுத்துக்கொள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஜாடையாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன். "எங்காட்டுல நானு திருடணுமா?" என்று கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ராயபுரத்துக்குப் போய், கரையில் மீன் கூடை சுமக்க ஆரம்பித்தாள். குப்பத்து வலைகள் பட்டை போட நெட்டுக்குப்பத்துக்குப் போயின.

ரேஞ்சர் சொன்ன சொல்லை விடவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு பட்டைக்காட்டை அடிக்கடி சுற்றி வந்தார். ஆள் நுழையாத காட்டில் கொடிகள் ஏறிப் பூவரசை மூட ஆரம்பித்தன. வலைக்காரர்கள் அடிமரத்தில் பட்டை உரிக்கமாட்டார்கள். ஒரு மரத்தில் ஒரு கிளையை வெட்டினால் அடுத்த முறை வேறு மரத்துக்குப் போவார்கள். வெட்டிய இடைவெளியில் மூடிக்கிடந்த பூவரசுக்கு வெயில் கிடைக்கும், அகலமான இளந்தளிர் கொத்தாக வரும். முசுறு கூடு கட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட தளிரில்தான். இப்போது தளிர் இல்லை, பழைய கூடுகள் காய்ந்து தொங்கின. "இவங்க கை பட்டுத்தான் இந்தக் காடு இப்படி இருந்திருக்கு. இது எனக்கு முன்னாலேயே தோணலியே" என்று சொல்லிக்கொண்டார். எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அப்புறமும் எழுதினார்.

அடுத்த மழைக்கு முன்னால் பதில் வந்தது. அதே தபாலில் அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றலும் வந்தது. உத்தரவைத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்து, "நீயே போய் அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டு, கன்னியப்பா. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

ராயபுரம் கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் வந்து ஒதுங்கியிருந்த நேரம், ஒரே கூச்சல். அஞ்சலை இடுப்பில் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கையில் இருந்த செங்காவி நிறம் போய்விட்டிருந்தது. "உத்தரவு வந்திருக்கு" என்றேன். நின்றாள். கூடையை இறக்கவில்லை. அப்படியே நின்று கேட்டாள்.

காத்திவாக்கம் வலைத்தொழில் குடிகள் முன்போலப் பட்டைக்காட்டுக்குள் போய், மாற்றி மாற்றிக் கிளை வெட்டிப் பட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன்.

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம், "முந்துன காயிதத்துல எறும்பு பேரு இருந்திச்சி. செம்போத்து பேரு இருந்திச்சி. இதுல எம் பேரு கீதா?" என்றாள்.

காகிதத்தைப் பார்த்தேன். "இன்னொரு தடவை படிக்கிறேன், கேளு" என்றேன்.

"காத்திவாக்கம் அஞ்சலையும், அவளோடு சேர்ந்த வலைத்தொழில் குடிகளும்…" என்று ஆரம்பித்து, கடைசி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முதல் தடவை படித்ததை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவள்.

"இந்த தபாதான் நைனா, ஒயுங்கா படிச்ச" என்று சொல்லிவிட்டு, கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.